வாசிக்க வாசிக்க நாதம் ஏறுமா?

புது வீணை வாங்கியவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் ஆறுதல் வார்த்தை ஒன்று உண்டு. “இப்ப கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். வாசிக்க வாசிக்க நாதம் திறந்துக்கும்.” வயலின் விற்பவரும் இதையே சொல்வார், கிட்டார் விற்பவரும் சொல்வார். பல மாதம் உறை போட்டு மூடி வைத்த வாத்தியத்தை எடுத்தால், “தூங்கிப்போச்சு, நாலு நாள் வாசிச்சா எழுந்துக்கும்” என்பார்கள்.

நானும் பல வருடம் இதை நம்பினேன். என்னிடம் வீணை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரு சிறுமி, “எது மிஸ் திறந்துக்கும்? மரமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததில் புரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். “25 வருடம் வாசித்த வீணை, என்ன நாதம் பாருங்கள்” என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த மரத்துக்கு 25 வயது கூடியிருக்கிறது. அதை 25 வருடம் மீட்டியும் இருக்கிறார்கள். பத்து வருடம் பள்ளிக்கூடம் போன பையன் உயரமாகிவிட்டான் என்றால், உயரத்துக்குக் காரணம் பள்ளிக்கூடமா? வயதையும் வாசிப்பையும் தனித்தனியாகப் பார்க்காதவரை இந்தப் பேச்சு முடியவே முடியாது.

தந்திக்குத் தனிக் குரல் இல்லை

சுவரில் இரண்டு ஆணி அடித்து, நடுவில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. தந்தி மெலிசு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, காற்றைத் தள்ளாது. பனையோலை விசிறியால் வீசினால் காற்று வரும், ஈர்க்குச்சியால் வீசினால் வருமா?

அந்தக் கம்பியின் ஒரு முனையைத் தகர டப்பாவில் கட்டி மீட்டினால் உடனே சத்தம் பெருகும். வாத்தியத்தில் நடப்பதும் இதுதான். தந்தியின் ஆட்டம், அதைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற கட்டை வழியாகக் கீழே இறங்கிப் பலகையை ஆட்டுகிறது. பலகை அகலமானது என்பதால் காற்றைத் தள்ளுகிறது. நம் காதுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்தப் பலகையின் குரல்தான். வீணையில் அந்த வேலையைக் குடம் என்ற உருண்டைப் பகுதியும் அதன் மேற்பலகையும் செய்கின்றன. வயலினில் சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்ப்ரூஸ் மரப் பலகை செய்கிறது.

பலகை எல்லாச் சுரங்களுக்கும் ஒரே மாதிரி ஆடாது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் மேலே போகும். தாளம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் தடுமாறும். ஒரு பொருளின் இயல்பான ஆட்டத்தோடு நாம் கொடுக்கும் ஆட்டம் பொருந்தி, சத்தம் பெருகுவதை ஒத்ததிர்வு என்கிறோம். ஊஞ்சலுக்கு இருப்பது ஒரே ஒரு தாளம். வாத்தியப் பலகைக்கு இப்படிப் பல இருக்கின்றன. எந்தெந்த இடத்தில் அது எவ்வளவு பெருக்குகிறது என்பதுதான் அந்த வாத்தியத்தின் முகம். இரண்டு வீணைகள் வேறு வேறு குரலில் பேசுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அப்பளமும் மரமும்

இன்னொரு குணமும் இருக்கிறது. பொரித்த அப்பளத்தைத் தட்டினால் கலகலக்கும். அதே அப்பளம் நமத்துப் போனால் தட்டினாலும் சத்தம் வராது. கொடுத்த ஆட்டத்தை எல்லாம் அது உள்ளேயே விழுங்கிவிடுகிறது. ஒரு பொருள் தனக்கு வந்த அதிர்வைத் தன் உள்ளுராய்வில் சூடாக மாற்றி விழுங்கிக்கொள்வதைத் தணிப்பு என்று வைத்துக்கொள்வோம். தணிப்பு குறைந்த மரத்தில் நாதம் நீண்டு நிற்கும், மேல் சுரங்கள் பளிச்சென்று கேட்கும். தணிப்பு கூடிய மரம் மந்தமாகப் பேசும்.

எனவே “மரம் திறந்துகொண்டது” என்ற பேச்சில் உண்மை இருக்க வேண்டுமானால், இரண்டில் ஒன்றாவது நடந்திருக்க வேண்டும். மரத்தின் விறைப்பு மாறியிருக்க வேண்டும், அல்லது தணிப்பு குறைந்திருக்க வேண்டும். இரண்டையுமே ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும்.

மரத்துக்குள் வயது என்ன செய்கிறது

கட்டட வேலை நடக்கும் இடத்தில் தூணுக்குக் கம்பி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான இரும்புக் கம்பிகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கம்பி, எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும் கான்கிரீட். மரத்தின் உள்ளமைப்பும் ஏறக்குறைய அப்படித்தான். செல்லுலோஸ் என்ற இழைகள் இரும்புக் கம்பிபோல. லிக்னின் என்ற பொருள் கான்கிரீட் போல. இரண்டையும் இணைக்கும் கட்டுக்கம்பியின் இடத்தில் ஹெமிசெல்லுலோஸ் இருக்கிறது.

இந்த மூன்றில் ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது ஹெமிசெல்லுலோஸ். முதலில் சிதைவதும் அதுதான். பல பத்தாண்டுகள் போனால் அது கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. மரம் பிடித்து வைத்துக்கொள்ளும் ஈரமும் குறைகிறது. இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்த ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் குடும்ப வாத்தியங்களின் மேப்பிள் மரத்தைச் சோதித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று நூற்றாண்டில் ஹெமிசெல்லுலோஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிதைந்திருந்ததாக அது சொன்னது.

ஆகவே வயதானால் மரம் மாறுகிறது. ஆனால் யாரும் தொடாமல் பரணில் கிடந்தாலும் இந்த மாற்றம் நடக்கும். இதே மாற்றத்தை வேகப்படுத்தத்தான் இப்போது கிட்டார் செய்பவர்கள் காற்றில்லாத அடுப்பில் மரத்தை வறுத்து எடுக்கிறார்கள். அங்கே யாரும் எதையும் வாசிப்பதில்லை.

வீணைக்காரர்களுக்கு இது புதிது இல்லை. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. வெட்டிய மரத்தை அப்படியே குடைந்துவிட மாட்டார்கள், உலர விடுவார்கள். அவசரத்தில் ஈரம் முழுதும் போகாத மரத்தில் செய்துவிட்டால், அந்த வீணை வாங்கியவர் வீட்டில்தான் மிச்சமுள்ள ஈரத்தை விடும். அப்போது இரண்டொரு வருடத்தில் நாதம் மாறுவது நிஜம். வாங்கியவர் அது தன் சாதகத்தால் வந்தது என்று நினைத்துக்கொள்வார்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கேட்பது பலகையின் குரல். அதன் குணத்தை விறைப்பும் தணிப்பும் முடிவு செய்கின்றன. காலமும் ஈரமும் அவற்றை மாற்றுகின்றன. வாசிப்பின் அதிர்வு மட்டும் தனியாக எதையாவது மாற்றுமா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

அதிர வைத்தால் மரம் மாறுமா

மாறலாம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஹண்ட், பால்சான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மரத் துண்டுகளைத் தொடர்ந்து அதிர வைத்து அளந்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஈரப்பதம் கூடுதலான காற்றில் வைத்து அதிர வைத்தபோது, மரத்தின் விறைப்பு கொஞ்சம் கூடியது, தணிப்பு கொஞ்சம் குறைந்தது. நாதம் ஏறுவதற்கு எந்தத் திசையில் மாற்றம் வேண்டுமோ, அதே திசைதான்.

இந்த ஆய்வை ஒதுக்கிவிடக் கூடாது. “எல்லாம் மனப்பிரமை” என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் இதைப் படிக்காமல் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்து மரத் துண்டு வேறு, முழு வயலின் வேறு. பசை, வார்னிஷ், தந்தியின் இழுவிசை எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டியில் அந்தச் சின்ன மாற்றம் காதுக்குத் தெரியும் அளவுக்கு இருக்குமா? அதற்கு முழு வாத்தியத்தையே சோதிக்க வேண்டும்.

சிட்னியின் இரட்டை வயலின்கள்

இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்த சோதனை. ஒரே கைவினைஞர் ஒரே மரத்திலிருந்து எடுத்த பலகைகளைக் கொண்டு, ஒரே சமயத்தில் இரண்டு வயலின்கள் செய்தார். கூடியவரை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே வெப்பமும் ஈரமும் கட்டுப்பாட்டில், அபூர்வமாக மட்டுமே தொடப்பட்டு இருந்தது. இன்னொன்று தொழில்முறைக் கலைஞர் ஒருவரின் கைக்குப் போய்த் தொடர்ந்து வாசிக்கப்பட்டது.

வயதையும் வாசிப்பையும் பிரிக்க வேண்டும் என்றோமே, அது இங்கே அழகாக நடக்கிறது. இரண்டுக்கும் வயது ஒன்று. வித்தியாசம் வாசிப்பில்தான்.

மூன்று வருடம் கழித்து இரண்டையும் தேர்ந்த வயலின் கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். கேட்பவர்களையும் உட்கார வைத்தார்கள். எது எது என்று யாருக்கும் சொல்லவில்லை. வாசித்தவர்களும் சரி, கேட்டவர்களும் சரி, நம்பத்தக்க அளவுக்கு எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. இந்த முடிவு 2005இல் வெளியானது.

ஒரே ஒரு ஜோடி, மூன்றே வருடம். முப்பது வருடம் ஆனால் என்ன ஆகும் என்பதற்கு இதில் விடை கிடையாது. ஆனால் கடையில் நம்மிடம் முப்பது வருடம் என்று யாரும் சொல்வதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்றுதான் சொல்கிறார்கள்.

கிட்டார் உலகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், தந்திகளின் மேல் மாட்டி நாள்கணக்கில் கிட்டாரை அதிர வைக்கும் கருவிகளையே விற்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே மாதிரியான கிட்டார் ஜோடிகளை எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் அந்தச் சிகிச்சை கொடுத்தார்கள். எதற்குக் கொடுத்தது என்று வாசித்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கருவிக்குப் பணம் செலவழிப்பதைவிட நல்ல தந்தி வாங்கலாம் என்பது என் எண்ணம்.

முந்நூறு வருடம் வாசித்தவை

வேறொரு பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். வாசிப்பு நாதத்தைப் பெரிதாக ஏற்றும் என்றால், முந்நூறு வருடமாகப் பெரிய வித்வான்கள் கையில் இருந்த வயலின்கள் புதியவற்றைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் இல்லையா?

2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஓர் ஓட்டல் அறையில் கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசஃப் கர்ட்டின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 21 வயலின் கலைஞர்கள். மூன்று பழைய இத்தாலிய வயலின்கள், மூன்று புதியவை. அறையில் வெளிச்சம் குறைவு. கலைஞர்கள் வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்க, மோவாய் வைக்கும் இடத்தில் துளி வாசனைத் திரவியம்கூடத் தடவியிருந்தார்கள்! எந்த வயலினை வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பம் என்று கேட்டபோது, 13 பேர் புதியதைக் காட்டினார்கள்.

ஓட்டல் அறை போதாது என்று விமர்சனம் வந்தது, நியாயமான விமர்சனம். 2012இல் பாரிஸ் அருகே கச்சேரி மண்டபத்தையும் சேர்த்து, 10 தனிக்கலைஞர்களை வைத்து, நிறைய நேரம் கொடுத்து மறுபடி செய்தார்கள். அங்கும் 6 பேர் புதிய வயலினையே தேர்ந்தெடுத்தார்கள்.

பழையவை மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவை அருமையான வாத்தியங்கள். ஆனால் பல நூற்றாண்டு வயதும் வாசிப்பும் சேர்ந்தும், கண்ணை மறைத்தால் தெரியும்படியான மேன்மையைத் தரவில்லை. இன்னொன்றும் உண்டு: சுமாராகப் பேசிய பழைய வாத்தியத்தை யாரும் முந்நூறு வருடம் பாதுகாப்பதில்லை. முதல் நாளே நன்றாகப் பேசியதைத்தான் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். வாசித்ததால் நன்றாக ஆனதா, நன்றாக இருந்ததால் வாசித்தார்களா?

அப்படியானால் நாம் கேட்டது என்ன

நம் அனுபவம் பொய் இல்லை. புது வீணை ஆறு மாதத்தில் மாறுவதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மரத்தின் தலையில் நாம் போட்ட பாராட்டு வேறு சிலருக்குச் சேர வேண்டியது, அவ்வளவுதான்.

முதலில் தந்தி. புதுத் தந்தி இழுபட்டு நிலைக்கச் சில நாள் ஆகும். அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். சுருதி நின்ற பிறகுதான் பக்கத்துத் தந்திகளும், தாளத்துக்கும் சுருதிக்கும் ஓரமாகக் கட்டியிருக்கும் தாள சுருதித் தந்திகளும் ஒத்து ஒலிக்கும். நாதம் நிறைந்துவிட்டதாகத் தோன்றும். மாறாக, வியர்வை பட்டுத் துருவேறிய தந்தி எந்த வீணையையும் ஊமையாக்கும்.

அடுத்தது மெழுகு. சுரம் பிடிக்கத் தந்தியை அழுத்தும் இடத்தில் குறுக்கே இருக்கும் கம்பிகள்தான் மெட்டுகள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் சுருதி பார்த்துப் பதிப்பதை மேளம் கட்டுவது என்பார்கள். வெயில் காலத்தில் மெழுகு இளகும், மெட்டு இம்மியளவு நகரும். மேளம் கலைந்த வீணையில் எந்தச் சுரத்தை மீட்டினாலும் ஏதோ மூடிய மாதிரி இருக்கும். குதிரையின் மேல் இருக்கும் உலோகத் தகட்டின் வளைவு இன்னும் நுட்பமானது. தந்தி அந்த வளைவில் உரசி எழுவதால்தான் வீணைக்கும் தம்புராவுக்கும் அந்த ரீங்காரம் வருகிறது. இதை 1921இலேயே சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதினார். இந்த இடத்தில் வாசிப்பு நிஜமாகவே வாத்தியத்தை மாற்றுகிறது, ஆனால் கெடுதலாக. வருடக்கணக்கில் வாசித்தால் தகட்டிலும் மெட்டிலும் தந்தி பள்ளம் போடும், ரீங்காரம் கரகரப்பாகும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் பெரியம்மாவின் வீணை பன்னிரண்டு வருடம் யாரும் தொடாமல் மூலையில் இருந்தது. எடுத்து மீட்டினால் மரக்கட்டையைத் தட்டுவதுபோல இருந்தது. “தூங்கிப்போச்சு, தினமும் வாசி” என்றார் பெரியம்மா. ஒரு மாதம் வாசித்தேன், ஒன்றும் ஆகவில்லை. வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். புதுத் தந்தி போட்டார், மெழுகை எடுத்துவிட்டு மேளம் புதிதாகக் கட்டினார், குதிரைத் தகட்டைத் தேய்த்து வளைவு சரிசெய்தார். திரும்பக் கையில் கொடுத்தபோது பெரியம்மாவுக்குக் கண் கலங்கியது. அன்று சாயங்காலமே அந்த வீணை விழித்துக்கொண்டது.

அப்புறம் காற்று. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், அப்பளம் கதைதான். ஐப்பசியில் வாங்கிய வீணை பங்குனியில் பளிச்சென்று பேசினால், நடுவில் வாசித்தது மட்டும் காரணம் ஆகிவிடாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கை. எந்த இடத்தில் மீட்டினால் இந்த வீணை பாடும், எந்தச் சுரத்தில் எவ்வளவு அழுத்தம் கேட்கிறது என்பதை விரல்கள் மாதக்கணக்கில் கற்றுக்கொள்கின்றன. அதோடு காதுக்கும் பழக்கம் வருகிறது. ஒலியின் நிறத்தைக் காது நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பது கொஞ்ச நேரம்தான். ஆறு மாதத்துக்கு முன்பு கேட்ட நாதத்தோடு இன்றைய நாதத்தை நினைவிலிருந்து ஒப்பிடுவது, போன தீபாவளிக்குச் சாப்பிட்ட மைசூர்பாகின் இனிப்பை இன்றைய மைசூர்பாகோடு ஒப்பிடுவது மாதிரி.

சுருக்கமாக: வாசிப்பின் அதிர்வு மரத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்பதற்கு ஆய்வுக்கூடச் சாட்சி இருக்கிறது. முழு வாத்தியத்தில், சில வருடத்தில், காதுக்குத் தெரியும்படி மாறுகிறது என்பதற்கு இல்லை. தெரியும்படி மாறுபவை தந்தி, மெழுகு, குதிரை, ஈரம், கை.

வீட்டில் சோதித்துப் பார்க்க

ஒப்பிட வேண்டுமானால் பதிவு செய்யுங்கள். அதே அறை, அதே போன், அதே தூரம், அதே வகைப் புதுத் தந்தி. முடிந்தால் அதே மாதம். இதில் ஒரு சிக்கல் உண்டு: மீட்டும் கை ஒவ்வொரு நாளும் வேறு. ராமனுக்கும் இதே சிக்கல் வந்தது. அவர் கல்கத்தாவில் இயந்திரத்தால் வயலின் வாசிக்கும் ஏற்பாட்டைச் செய்து, 1920இல் அதைப் பற்றி எழுதினார். அதில் வில் ஒரே இடத்தில் நிற்கும், வயலின் முன்னும் பின்னும் போய்வரும்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். மோட்டார் காயிலில் சுற்றும் மெல்லிய செம்புக் கம்பி ஒரு முழம் போதும். அதைத் தந்தியின் அடியில் வளையமாகக் கொடுத்து, அது அறுந்துபோகும்வரை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். ஒரே கம்பிச் சுருளிலிருந்து எடுத்த துண்டுகள் ஏறக்குறைய ஒரே விசையில்தான் அறும். அறும் கணத்தில் தந்தி விடுபட்டு ஒலிக்கும். ஒவ்வொரு தடவையும் அதே மீட்டு.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமி போன மார்கழியில் புது வீணை வாங்கினாள். தந்தி போட்டு நான்காம் நாள், முதல் தந்தியான சாரணியில் இப்படிப் பத்து மீட்டுகள் பதிவு செய்து வைத்திருக்கிறோம். இணையாக இன்னொரு வீணை இல்லாததால், மாற்றம் தெரிந்தாலும் அது வயதாலா வாசிப்பாலா என்று எங்களால் பிரிக்க முடியாது. அவளுக்கும் அது தெரியும். மிச்சக் கம்பிச் சுருளை வீணைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: “அடுத்த மார்கழி. புதுத் தந்தி. நான்காம் நாள்.”